ரெண்டரை மணிக்கு ஒரு மம்பட்டி

– செருப்பைக் கழத்தினா மட்டும் போதாது ஓய். சாவிக்கொத்து, பேனாக்கத்தி, இடுப்பு பெல்ட்டு எல்லாத்தையும் அந்த மரப்பெட்டியில போட்டுட்டு வாரும். உள்ள இரும்பு கூடாது.

– கிண்டல் பண்ணாத ஜெபதாஸ். எண்பத்தேழு வயசுல ஆட்டோ பிடிச்சு உனக்க வீட்டுப் படி ஏறி வந்திருக்கேன்.

– கிண்டலா? உமக்க சட்டமாக்கும் இது, அப்சர்வர் குமாரதாஸ் சாரே! ஆரல்வாய்மொழி காந்தப்புரை வேலிக்கு வெளிய நின்னு ரெண்டு வருசம் வந்தவன் போனவன் மடியெல்லாம் தடவினவன் நான். டெல்லியில இருந்து ஒரு பெரிய ஆபீசர் வந்தான், அவனுக்க அரைஞாண்ல கெடந்த சாவியக்கூட அவுக்க வச்சேன்.

– பூமிக்க காந்தத்தை அளக்கிற எடம்டே அது. ஒரு துண்டு இரும்பு பக்கத்துல வந்தாலும் ரிக்கார்டு கெட்டுப்போவும்.

– எனக்கே பாடமா? பித்தளை அருவாளால புல்லறுத்தவன் நான். ஒரு செத்தை அறுபடாது. அந்த வழியா ஆடு மேய்க்கப் போற பொம்பளையெல்லாம் நின்னு பாத்துச் சிரிச்சாளுவ. சரி, நிக்காதீரும், இரியும். பிளாஸ்டிக் நாற்காலிதான், பயப்படாண்டாம்.

– ஞானம் எங்க?

– உமக்க தங்கச்சி அடுக்களையில இருக்கா. அவளுக்குக் காது மந்தம். ஆனா நான் எதையாவது மறைச்சுப் பேசினா மட்டும் பளிச்சுன்னு கேக்கும். அதனால பைய பேசும்.

– நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்.

– என்னது?

– மன்னிப்பு.

– எனக்கும் காது மந்தமாயிட்டு ஓய். இன்னொருக்கா சத்தமாச் சொல்லும்.

– இப்பம்தானடே பைய பேசச் சொன்ன!

– இதை மட்டும் சத்தமாச் சொல்லலாம். ரோட்டுல போறவனுக்குக் கேட்டாலும் குத்தமில்ல.

– நான் உன்னை அநியாயமா வேலைய விட்டு அனுப்பிட்டேன் ஜெபதாஸ். உனக்க மம்பட்டி ஒரு தப்பும் செய்யல்ல. போதுமா?

– அடேயப்பா! அறுவத்திமூணு வருசம் கழிச்சு மம்பட்டிக்கு விடுதலை! ஆரு வந்து சாட்சி சொன்னா?

– ரெனிஷான்னு ஒரு பிள்ளை போன் பண்ணினா. பழைய காந்தப் பேப்பரையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துகாளாம். அறுவத்திரெண்டு ஜூலை ஒம்பது, திங்கக்கிழமை. நம்ம பேப்பர்ல கோடு ஒழுங்கா வந்துக்கிட்டே இருந்து கரெக்ட்டா ஒரு எடத்துல துள்ளியிருக்கு. பக்கத்துல எனக்க கையெழுத்து: தோட்டக்காரன் மம்பட்டியோடு வேலிக்குள் வந்ததால். அதைப் பாத்துட்டு அந்தப் பிள்ளை கேக்கா, சார், இதே துள்ளல் இதே செகண்டுல பெரு நாட்டுப் பேப்பர்லயும் இருக்கு, ஆப்பிரிக்காவுலயும் இருக்கு, உங்க தோட்டக்காரரு அங்கயும் போனாரான்னு.

– ஹா! ஓ, போனேன். பெருவுல ஒரு வெட்டு, ஆப்பிரிக்காவுல ஒரு கொத்து, சாயங்காலம் தோவாளையில சாயா. நல்லா வேணும் உமக்கு!

– சிரிக்காதடே. அன்னைக்கு அமெரிக்காக்காரன் பசிபிக் கடலுக்கு மேல ஒரு அணுகுண்டை ராக்கெட்டுல ஏத்தி ஆகாசத்துல பொட்டிச்சிருக்கான். நானூறு கிலோமீட்டர் ஒசரம். அங்க காத்தே கெடையாது. பூமியச் சுத்தி காந்தம் இருக்குல்லா, அதைப் பிடிச்சு ஒரு குலுக்கு குலுக்கிட்டான். உலகம் பூராவும் முள்ளு ஆடியிருக்கு.

– எதுக்குப் பொட்டிச்சான்?

– பொட்டிச்சா என்ன ஆவும்னு பாக்க.

– சவத்துப் பயலுவ. பொட்டிச்சா, கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துல ஜெபதாஸுக்கு அட்டை கடிக்கும்னு எழுதி வச்சுக்கச் சொல்லும். அதான் ஆச்சு. அவன் அங்க பொட்டிச்சான், நான் இங்க ரப்பர் வெட்டப் போனேன். முப்பத்தாறு வருசம்! விடியக்காலம் மரம் வெட்டி, பால் எடுத்து, காலெல்லாம் ரத்தமா வீட்டுக்கு வருவேன். போதாததுக்குப் பேரு வேற. மம்பட்டி ஜெபதாஸ். எனக்க மவனுக்க கல்யாணக் கார்டைப் பாத்துட்டு ஒருத்தன் கேக்கான், எந்த ஜெபதாஸ், மம்பட்டியான்னு.

– தெரியும். அதெல்லாம் எனக்க தலையிலதான்.

– இதையும் கேளும். அந்தக் காந்தப்புரை நின்ன எடத்துல இப்பம் என்ன நிக்கு? கரண்டு எடுக்கிற காத்தாடி! எங்க பாத்தாலும் காத்தாடி. ஒவ்வொண்ணும் எத்தனை டன் இரும்பு? ஒரு மம்பட்டிக்கு என்னைத் தொரத்தினீரே, அதையெல்லாம் மடியத் தடவி உள்ள விட ஆரு நின்னா?

– புரைய மூடி வருசம் எத்தனையோ ஆச்சுடே. சரி, நான் கேக்கேன், அன்னைக்கு நீ எதுக்கு ஒத்துக்கிட்ட? ஆரு இரும்பு கொண்டு வந்தான்னு நான் கேட்டேன். நான்தான் சார், மம்பட்டி கொண்டு வந்தேன்னு நீதானே சொன்ன! நான் அடிச்சா சொல்ல வச்சேன்?

– அது… நீர் கத்தின கத்துல வாயில வந்துட்டு.

– செய்யாததைச் செஞ்சேன்னு எவன் சொல்லுவான்?

– அதெல்லாம் பழைய காரியம். விடும். வேற என்ன சொல்ல வந்தீர்?

– எனக்கு நெஞ்சுல மெஷின் வச்சிருக்கு ஜெபதாஸ். போன மாசம். தோலுக்கு அடியில, இந்தா, இங்க.

– தடவிப் பாக்கட்டுமா? பழைய பழக்கம்.

– தடவு.

– ஓ, இருக்கு. சிகரெட்டு லைட்டர் கணக்கா இருக்கு. அப்பம் இனி உம்மையும் காந்தப்புரைக்குள்ள விடமாட்டான். வேலிக்கு வெளிய நில்லும்னு சொல்லிருவான்.

– அதையேதான் நானும் நெனச்சேன். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு ஒத்தைக்குச் சிரிச்சேன். பிறகு சிரிப்பு வரல்ல. வாற ஞாயிறு திருவிருந்துல்லா?

– அதுக்கு?

– அறுவத்திமூணு வருசமா பாக்கேன். பிரசங்கம் முடிஞ்ச உடனே நீ எழும்பி வெளிய போயிருவ. அந்த அயனி மரத்து மூட்டுல நிப்ப. எனக்க தங்கச்சி ஒத்தைக்கு ஆல்டர்ல போய் முட்டுப் போட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குவா. எல்லாரும் புருசன் பொண்டாட்டியா நிக்கும்போ அவளுக்குப் பக்கத்துல ஒரு ஆளுக்கு எடம் காலியா கெடக்கும். அதைப் பாத்துக்கிட்டே நானும் வாங்கியிருக்கேன்.

– சகோதரன்கிட்ட பகையிருந்தா ஒப்புரவாயிட்டு வான்னு எழுதியிருக்கு. எனக்கு உம்மகிட்ட பகை. மனசுல பகைய வச்சுக்கிட்டு வாயில அப்பத்தை வாங்க எனக்குத் தெரியாது. உமக்குத் தெரிஞ்சுது, வாங்கினீர்.

– அடிச்சிட்டியே. சரி, பட்டுக்கிடுதேன். ஒருக்கா, ஒரே ஒருக்கா அவ உனக்கப் பக்கத்துல முட்டுப் போடணும். அவளுக்கு வேற ஒரு ஆசையும் கெடையாது. எத்தனை சாவு வீட்டுல, எத்தனை கல்யாண வீட்டுல எனக்கிட்ட சொல்லி அழுதிருக்கா தெரியுமா? அண்ணே, நான் கண்ணை மூடுகதுக்குள்ள அவரு வரணும்னு.

– அது எனக்குத் தெரியாதா ஓய்? ராத்திரி பகல் அதைத்தான் சொல்லுகா.

– அப்பம் மன்னிச்சிரு. இன்னொண்ணும் சொல்லணும். சொல்லாம போனா மன்னிப்பு செல்லாது.

– இன்னுமா இருக்கு?

– அந்த வருசம் ஆகஸ்டு கடைசியில தலைமை ஆபீஸ்ல இருந்து ஒரு கடுதாசி வந்துது. ஜூலை ஒம்பது, மத்தியானம் ரெண்டரை மணி, எல்லா ஸ்டேஷனும் அந்த நேரத்துக்குப் பேப்பரைப் பாத்துப் பதில் எழுதுங்கோன்னு. படிச்ச உடனே நான் ஆளே கலங்கிப்போனேன்.

– ஓ.

– ஆனா அதுக்கு நாலு நாளைக்கு முன்னதான் நீ எனக்க தங்கச்சிய கூட்டிக்கிட்டு ஓடினது. தாயில்லாத பிள்ளைன்னு கூட வச்சு வளத்தேன். அவ எனக்க தோட்டக்காரனோட பஸ் ஏறிட்டா. எனக்கு வந்த ஆத்திரத்துல, இங்க ஒண்ணுமில்ல, தோட்டக்காரன் மம்பட்டிதான்னு பதில் எழுதிட்டேன். தெரிஞ்சுக்கிட்டே எழுதினேன் ஜெபதாஸ். ரெண்டரை மணிக்கு உனக்க மம்பட்டி துள்ளல்லன்னு தெரிஞ்சும்…

– சரி, சரி. மன்னிச்சாச்சு.

– என்னது?

– மன்னிச்சாச்சுன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை வாறேன். ஆட்டோ நிக்குதுல்லா? கெளம்பும்.

– ஏலே, அறுவத்திமூணு வருசம் பிடிச்சுக்கிட்டு நின்னவன், இதைக் கேட்ட உடனே நாலு வார்த்தை ஏசுவன்னு நெனச்சேன். செவிட்டுல ஒண்ணு தருவன்னு நெனச்சேன். நீ இப்படி பொசுக்குன்னு மன்னிச்சா எனக்கு நம்பிக்கை வரல்லியே!

– பிறகு ஏசுகேன். ஞாயித்துக்கிழமை கோயில் முற்றத்துல வச்சு நல்லா ஏசுகேன். இப்பம் எழும்பும். அந்த ரெண்டரை மணி கதைய இனி எடுக்காண்டாம், கேட்டீரா?

– எதுக்கு?

– நெஞ்சுல மெஷினை வச்சுக்கிட்டு ரொம்பப் பேசப்பிடாது ஓய்.

– ஆரு வந்திருக்கா? எனக்க ஆண்டவரே! அண்ணனா! எனக்க அண்ணனா இந்த வீட்டுக்குள்ள!

– ஞானம், மக்களே. நல்லா இருக்கியா?

– ஏங்க, அண்ணன் வந்திருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? நான் அங்க கட்டஞ்சாயா போட்டுக்கிட்டு நிக்கேன். இரி அண்ணே. எழும்பாத. ஆரும் எழும்பாண்டாம்.

– அவருக்கு நேரமாச்சுட்டி ஞானம். போணும்.

– எங்கயும் போவல்ல. ஞானம், உனக்க மாப்பிள்ளை என்னை மன்னிச்சிட்டான். ஞாயித்துக்கிழமை திருவிருந்துக்கு வாறானாம்.

– நெசமாவா? ஏங்க, நெசமா?

– ஓ.

– கர்த்தாவே! இந்தச் சாயாவ ஆராவது பிடியுங்க. எனக்க ஜெபத்தைக் கேட்டுட்டாரு. அந்தக் கசவுப் புடவைய எடுக்கணும். உங்களுக்கு வெள்ளைச் சட்டை ஒண்ணு பெட்டி போடணும். காலரு போன சட்டைய எடுத்துப் போட்டுக்கிட்டு வந்து நின்னீங்கன்னா கொன்னுருவேன், சொல்லிட்டேன். எப்படி அண்ணே, இந்தக் கல்லு எப்படி இளகிச்சு?

– உண்மைய சொன்னேன். அன்னைக்குப் பேப்பர்ல கோடு துள்ளினது மம்பட்டியால இல்ல. அமெரிக்காக்காரன் ஆகாசத்துல பொட்டிச்ச அணுகுண்டு. எந்த இரும்பும் இல்ல மக்களே.

– எந்த இரும்பும் இல்லியா?

– ஒரு குண்டூசி கூட இல்ல.

– ஞானம், அடுப்புல பால் பொங்குது பாரு.

– கட்டஞ்சாயாவுக்கு ஏதுங்க பாலு? நில்லுங்க. அண்ணே, எந்த இரும்பும் இல்லன்னா… அப்பம் எனக்க ஊக்கும் இல்லியா?

– எந்த ஊக்கு?

– இனி சொன்னா என்ன, எனக்கு எண்பத்திரெண்டாச்சு. அன்னைக்கு ஒனக்குச் சோறு கொண்டு வந்தேன்ல. தூக்குப் பித்தளைதான். ஆனா ஜம்பருக்கு ஹூக்கு பிஞ்சு, உள்ள ஒரு ஊக்கு குத்தியிருந்தேன். இவரு எல்லாரையும் தடவுவாரு, என்னை மட்டும் எப்படித் தடவுவாரு? ஒண்ணும் கேக்காம உள்ள விட்டுட்டாரு. ஒனக்குச் சோத்தை வச்சிட்டு, அந்தக் காந்தப்புரைப் படியில இருந்து நானும் இவரும் பேசிக்கிட்டு இருந்தோம். மறுநாள் நீ இரும்பு, இரும்புன்னு கத்தும்போ எனக்கு உசிரே போயிட்டு. நான் மாட்டிக்கிடுவேன்னுதான் இவரு மம்பட்டின்னு சொல்லித் தலைய குடுத்தாரு.

– அப்பம் அதுதானா! ஏலே ஜெபதாஸ், அதுக்குத்தான் ஒத்துக்கிட்டியா?

– ஆமா, விடும்.

– அன்னைக்குச் சாயங்காலம் கொல்லாமரத்து மூட்டுல இவருகிட்ட போய் அழுதேன் அண்ணே. எனக்க ஊக்கால உங்க வேலை போச்சேன்னு. இவரு ஒண்ணும் சொல்லல்ல, கையப் பிடிச்சுக்கிட்டாரு. ஒரு மனுசன் எனக்காக இப்படிச் செய்வானான்னு நெனச்சேன். இவருக்கு நான் சோறு பொங்கிப்போட்டாத்தான் அந்தப் பாவம் தீரும்னு நெனச்சேன். அதான் வந்தேன்.

– அட பைத்தியமே! ஒரு ஊக்குக்கு அவ்வளவு பெரிய துள்ளல் துள்ளுமா? அதுவும் நீ வந்தது பன்னெண்டு மணிக்கு. கோடு துள்ளினது கரெக்ட்டா ரெண்டரைக்கு.

– எத்தனைக்கு?

– ரெண்டரை. மத்தியானம் ரெண்டரை.

– ஓய், சாயா ஆறுது.

– நீங்க சும்மா இருங்க. அண்ணே, ரெண்டரைக்கு நான் அங்க இல்லியே. ஒரு மணி பஸ்ஸுக்குக் கோட்டாறுக்குப் போனேன். நீதானே சீரகமும் மல்லியும் வாங்கச் சொன்ன. ரெண்டரைக்கு நான் செட்டியார் கடையில நிக்கேன். ஊக்கும் எனக்கூடதான் நிக்கு.

– அதான் சொல்லுகேன், உனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

– அந்த ரெண்டரை மணி ஆருக்கெல்லாம் தெரியும்?

– எனக்குத் தெரியும். இவனுக்குத் தெரியும். செவ்வாக்கிழமை காலையில இவனுக்க மூக்குக்கு நேரா பேப்பரைப் பிடிச்சு, இந்தா ரெண்டரைக்குத் துள்ளியிருக்கு, ரெண்டரைக்கு நீ எங்க இருந்தன்னு… ஐயோ. ஏலே ஜெபதாஸ்.

– ஏங்க.

– ம்.

– செவ்வாக்கிழமை காலையிலயே உங்களுக்குத் தெரியும்.

– நான் கொண்டு வரல்லன்னு சொல்லியிருந்தா, வேற ஆரு உள்ள வந்தான்னு தோண்டி, நீ படியில இருந்து எனக்கூடப் பேசினதும் வெளிய வந்திரும்டி. உங்க அண்ணன் உன்னைத் தோலை உரிச்சிருப்பான்.

– அது காலையில. நான் வந்து அழுதது சாயங்காலம். ஞானம், உனக்க ஊக்கு இல்லட்டின்னு ஒரு வார்த்தை. அது போதும்லா? ஏன் சொல்லல்ல?

– எனக்காக ஒரு ஆளு அழுது நான் அதுக்கு முன்ன பாத்ததில்லட்டி. எனக்க அம்மைகூட அழல்ல. நீ அழுதுக்கிட்டே எனக்கக் கையப் பிடிச்ச. அதை விட எனக்கு மனசு வரல்ல. நாளைக்குச் சொல்லுவோம்னு நெனச்சேன். மறுநாளும் அழுத. பிறகு எனக்கூட வாறேன்னு சொன்ன. அப்பம் போய் எப்படிட்டி சொல்லுவேன்?

– பிறகு? பிள்ளை பொறந்த பிறகு? பேரப்பிள்ளை பொறந்த பிறகு?

– பிறகு பயம். நீ போயிருவியோன்னு பேடி.

– மாசத்துக்கு ஒரு திருவிருந்து. வருசத்துக்குப் பன்னெண்டு. ஒவ்வொரு தடவையும் ஆல்டர்ல ஒத்தைக்கு முட்டுப் போட்டு நான் என்ன ஜெபம் பண்ணினேன் தெரியுமா? ஆண்டவரே, எனக்க ஊக்கால ஒரு மனுசனுக்க வேலை போச்சு, எனக்க அண்ணனுக்கும் அவருக்கும் பகை வந்துது, என்னை மன்னியுமேன்னு. எழுநூறு தடவைக்கு மேல! செய்யாத பாவத்துக்கு! ஆண்டவரே சிரிச்சிருப்பாரு.

– நான் மட்டும் கள்ளனா? உங்க அண்ணன் யோக்கியமா? அவருக்கு ரெண்டு மாசத்துக்குள்ள கடுதாசி வந்துட்டு! மம்பட்டி இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டே மம்பட்டின்னு எழுதினாரு! கேளு, அவரைக் கேளு!

– ஏலே, இப்பம்தானடே மன்னிச்ச!

– மன்னிச்சேன், மறைக்கேன்னு சொல்லல்ல!

– அப்படியா அண்ணே?

– ஓ மக்களே. நீ போன ஆத்திரத்துல.

– நல்லது. ரொம்ப நல்லது. எனக்க அண்ணனுக்கும் தெரியும், எனக்க மாப்பிள்ளைக்கும் தெரியும், அமெரிக்காக்காரனுக்கும் தெரியும். தெரியாதவ நான் ஒருத்திதான்.

– ஏட்டி ஞானம்… எனக்கூட இருந்தது உனக்கு அவ்வளவு கஷ்டமாவா போச்சு?

– கஷ்டம்னு ஆரு சொன்னா? அந்த ஊக்கை நான் ரெண்டாம் பிள்ளை பொறக்கும்போதே மறந்திருப்பேன். அதுக்கப்புறம் உங்களுக்காகத்தான் இருந்தேன். உங்களுக்கு அது தெரியாம போச்சே, அதைத்தான் என்னால தாங்க முடியல்ல.

– தப்புதான்டி. கால்ல விழட்டுமா?

– விழுந்தா ஆரு தூக்கி விடுகது? சாயாவக் குடியுங்க ரெண்டு பேரும்.

– மக்களே, அப்பம் ஞாயித்துக்கிழமை?

– போங்க. ரெண்டு பேரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, அடுத்தடுத்து முட்டுப் போட்டு வாங்குங்க. நான் அயனி மூட்டுல நிக்கேன்.